மூச்சுத்திணறலோடு வருபவருக்குக் கட்டிலருகே நெஞ்சு ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டர்களும் நர்சுகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நோயாளியின் வீட்டார் கேட்கும் சில கேள்விகளும் உண்டு. நெஞ்சு ஸ்கேன், அதாவது நெஞ்சுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்ட், ஒவ்வொரு டியூட்டி டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை என்பது என் உறுதியான எண்ணம். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நெஞ்சுக்கு எதற்கு ஸ்கேன்? எக்ஸ்ரே போதாதா?

எழுந்து நின்று மூச்சை இழுத்துப் பிடிக்க முடிகிற ஆளுக்கு எக்ஸ்ரே நல்ல படம்தான். ஆனால் நிஜமாகவே மோசமாக வருபவர் நிற்க மாட்டார். உட்காரவே திணறுவார், இல்லையென்றால் விபத்தில் அடிபட்டு, கழுத்துப் பட்டை மாட்டி, பலகையில் மல்லாக்கப் படுத்திருப்பார். படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் கசிந்த காற்று முன்பக்கமாகப் பரவிக் கிடக்கும், கோத்த நீர் முதுகுப் பக்கம் விரிந்து லேசான மங்கலாக மட்டும் தெரியும், இதய நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழும். அடிபட்டு வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் காக்ரேன் அமைப்பு ஓர் அலசல் வெளியிட்டது. நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு இருக்கும் 100 பேரில் படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே ஏறக்குறைய 47 பேரைத்தான் கண்டுபிடிக்கிறது, ஸ்கேன் 91 பேரைக் கண்டுபிடிக்கிறது என்று அதில் வந்தது. பாதிக்கு மேல் தவறவிடும் ஒரு சோதனையை மட்டும் நம்பி, வென்டிலேட்டரில் போடப்போகிற ஒருவரை எப்படி விட்டுவைப்பது?

இன்னொன்று, ஸ்கேன் நோயாளியிடம் வருகிறது. எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இதில் இல்லை.

நுரையீரல் முழுக்கக் காற்று. காற்றில் அல்ட்ராசவுண்ட் போகாதே, அப்புறம் எதைப் பார்க்கிறீர்கள்?

சரியான கேள்வி. மருத்துவ உலகமே இதைச் சொல்லித்தான் பல வருடம் நுரையீரல் பக்கம் ப்ரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முனையை) கொண்டுபோகாமல் இருந்தது. தசை, கல்லீரல் போன்றவற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்று வந்ததும் கிட்டத்தட்ட மொத்த ஒலியும் திரும்பி அடிக்கிறது. அதனால் நலமான நுரையீரலின் உள்பகுதியை நாம் பார்ப்பதே இல்லை. பார்ப்பது அதன் மேல் உறையையும், அங்கே பட்டுத் திரும்பும் ஒலி திரையில் போடும் கோடுகளையும்தான்.

ப்ரோபை நெடுக்காக இரண்டு விலா எலும்புகளின் மேல் வைத்தால், எலும்புகளின் கருநிழல் இரண்டு பக்கமும் விழும். நடுவில், எலும்பு மட்டத்துக்கு அரை சென்டிமீட்டர் கீழே, ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் நுரையீரல் உறை. மூச்சு விடும்போது அந்தக் கோடு முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். அதை ஸ்லைடிங் என்கிறோம். அதற்குக் கீழே ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கிடைக்கோடுகள் ஏ-கோடுகள். தோலுக்கும் உறைக்கும் உள்ள தூரம்தான் அந்த இடைவெளி, ஒலி இரண்டுக்கும் நடுவே மாறி மாறி அடிபடுவதால் வருவது. ஏ-கோடு தெரிந்தால் கீழே காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

நுரையீரலில் நீர் கூடினால் படம் மாறிவிடும். உறையிலிருந்து புறப்பட்டு, மங்காமல் திரையின் அடிவரை இறங்கும் வெள்ளை நெடுங்கோடுகள் வரும். ஏ-கோடுகளை அழித்துக்கொண்டு போகும், உறையோடு சேர்ந்து அசையும். இவை பி-கோடுகள். ஒரு விலா இடுக்கில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2012-இல் வெளிவந்த சர்வதேச பரிந்துரை சொல்கிறது. பக்கத்துக்கு இரண்டு இடங்களிலாவது அப்படி இருக்க வேண்டும், அதுவும் இரு பக்கமும், என்பதும் அதிலேயே இருக்கிறது. அவசரத்தில் பலர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் பி-கோடு பார்த்துவிட்டு ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதக் கூடாது. அது அந்த இடத்து நிமோனியாவாக இருக்கலாம்.

இதைத் தொடங்கியது யார்?

நெஞ்சுக்கூட்டுக் காற்றுக் கசிவை அல்ட்ராசவுண்டில் முதலில் விவரித்து எழுதியது கால்நடை மருத்துவர் ஒருவர், 1986-இல், குதிரையில். மனிதர்களில் இதை ஒரு முழு முறையாக வளர்த்தவர் டேனியல் லிக்டென்ஸ்டைன், பாரிஸை ஒட்டிய பூலோனில் உள்ள அம்ப்ருவாஸ் பாரே மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர். ஸ்லைடிங் பற்றி 1995-இலும், பி-கோடுகள் பற்றி 1997-இலும், ஸ்லைடிங் நிற்கும் எல்லையான லங் பாயின்ட் பற்றி 2000-இலும் எழுதினார். எல்லாவற்றையும் சேர்த்து ப்ளூ புரோட்டோகால் என்று 2008-இல் வெளியிட்டார். ஸ்டெதஸ்கோப்பும் 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் கையில்தான் பிறந்தது.

அந்த ப்ளூ புரோட்டோகால் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு பக்கமும் மூன்று இடம். நெஞ்சின் முன்பக்கம் மேலே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, பக்கவாட்டில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அங்கே, உதரவிதானத்துக்கு மேல், ஒன்று. தேவைப்பட்டால் கால் ரத்தக்குழாய்கள். பழகிய கைக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முன்பக்கம் இரண்டு நெஞ்சிலும் ஸ்லைடிங்கோடு பி-கோடுகள் நிறைந்திருந்தால் நுரையீரலில் நீர், பெரும்பாலும் இதயத்திலிருந்து வருவது. ஸ்லைடிங் இருக்கிறது, ஏ-கோடுகள் இருக்கின்றன, காலில் ரத்தக்கட்டு இருக்கிறது என்றால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, அதாவது பல்மோனரி எம்பாலிசம். எல்லாம் சுத்தமாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் ஆஸ்துமா அல்லது சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). ஸ்லைடிங் இல்லை, ஏ-கோடு மட்டும், கூடவே லங் பாயின்ட்டும் கிடைத்தால் நியூமோதோராக்ஸ், அதாவது நெஞ்சுக்கூட்டுக் காற்றுக் கசிவு. முன்பக்கம் ஒரு நெஞ்சில் பி, மறு நெஞ்சில் ஏ, அல்லது முன்னால் சுத்தமாக இருந்து பின்னால் மட்டும் கெட்டியான நுரையீரல் என்றால் நிமோனியா பக்கம் யோசிக்க வேண்டும்.

260 பேரில் 90.5 சதவீதம் சரியான நோயறிதல் கிடைத்தது என்பது அந்த ஆய்வின் புகழ்பெற்ற எண். அதை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆய்வில் முதலில் இருந்தவர்கள் 301 பேர். கடைசிவரை நோய் தெளிவாகாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தவர்கள், அரிய நோய்க்காரர்கள் என 41 பேரைக் கழித்த பிறகுதான் 260. நம் கேஷுவாலிட்டிக்கு வரும் அறுபத்தைந்து வயது தாத்தாவுக்கு நாற்பது வருடப் பீடிப் பழக்கம், பழைய டி.பி., சர்க்கரை, பம்பிங் குறைந்த இதயம் எல்லாம் ஒன்றாக இருக்கும். அவரைத்தான் அந்த ஆய்வு கழித்துவிட்டது! அதனால் புரோட்டோகாலை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் அது சொல்லும் பெயரை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள்.

வீசிங்கோடு வருகிறார். ஆஸ்துமாவா, ஹார்ட் ஃபெயிலியரா?

இந்த முறை அதிகம் கைகொடுப்பது இங்கேதான் என்பேன். இரவு இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து, இரண்டு பக்கமும் வீசிங்கோடு வருபவருக்கு ஸ்டெதஸ்கோப் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் ஏறினாலும் வீசிங் வரும். ஒருவருக்கு நெபுலைசர் வேண்டும், மற்றவருக்கு நைட்ரோகிளிசரினும் ஃப்ரூசமைடும் மாஸ்க் வழி அழுத்தக் காற்றும் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நேரம் போகும். ஒருவருக்கு ஃப்ரூசமைடையும் ஸ்டீராய்டையும் சேர்த்தே போட்டுவிட்டு எது வேலை செய்கிறது என்று பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அதை விட வேண்டும்.

முன்பக்கம் இரு நெஞ்சிலும் நான்கு இடங்களில் ப்ரோபை வைத்துப் பாருங்கள். சுத்தமான ஏ-கோடுகள் என்றால் அந்த மூச்சுத்திணறலுக்கு நுரையீரல் நீர் காரணமாக இருப்பது மிகவும் சந்தேகம். எல்லா இடத்திலும் பி-கோடு என்றால், அப்படியே ப்ரோபை இதயத்துக்கு நகர்த்தி இடது கீழறை எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். இத்தாலியில் பல எமர்ஜென்சி பிரிவுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வழக்கமான பரிசோதனையோடு நுரையீரல் ஸ்கேனையும் சேர்த்தபோது ஹார்ட் ஃபெயிலியரைக் கண்டுபிடிக்கும் திறனும் மற்றதைத் தள்ளும் திறனும் 97 சதவீத அளவுக்கு வந்தன. 'சேர்த்தபோது' என்பதைக் கவனியுங்கள். நோயாளியிடம் பேசி, கால் வீக்கம் பார்த்து, ஈ.சி.ஜி. பார்த்து, அதற்கு மேல்தான் ஸ்கேன்.

பி-கோடு எல்லாம் இதய நீர் என்று நினைக்கவும் கூடாது. ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் முழுக்க அழன்று நீர் கசியும் கடும் நிலை), வைரஸ் நிமோனியா, நுரையீரல் நார்மயமாதல் எல்லாவற்றிலும் வரும். அவற்றில் உறைக்கோடு வழவழப்பாக இருக்காது, கரடுமுரடாக, அங்கங்கே அறுந்து, உறைக்கு அடியில் சின்னச் சின்னக் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். நடுநடுவே சுத்தமான இடங்களும் விட்டுப்போயிருக்கும். 2020-இல் கொரோனா நோயாளிகளிடம் பலர் பார்த்துப் பழகியது இந்தப் படத்தைத்தான்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இது உதவும். டயாலிசிஸ் நடக்க நடக்க பி-கோடுகள் குறைவதை 2009-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். டயாலிசிஸைத் தவறவிட்டு மூச்சுமுட்டி வருபவரை முன்னும் பின்னும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள், பாடப்புத்தகத்தில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

விபத்தில் அடிபட்டவருக்கு எப்படி?

வயிற்றில் ரத்தம் தேடும் ஃபாஸ்ட் ஸ்கேன் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2004-இல் கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள் அதை நெஞ்சுக்கும் நீட்டினார்கள், அதுதான் ஈ-ஃபாஸ்ட். கல்லீரல் பக்கமும் மண்ணீரல் பக்கமும் பார்க்கும்போதே ப்ரோபைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் உதரவிதானத்துக்கு மேல் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மல்லாக்கப் படுத்தவருக்குக் காற்று மேலே வரும் என்பதால் நியூமோதோராக்ஸை நெஞ்சின் முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே தேடுவது. ஒரே இடத்தில் வைத்துவிட்டு எடுத்துவிடாமல் பக்கத்துக்கு இரண்டு மூன்று விலா இடுக்காவது பாருங்கள்.

ஸ்லைடிங் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லையா, எம்-மோட் (ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் அமைப்பு) போடுங்கள். நலமான நுரையீரலில் மேலே நேர்கோடுகளும் கீழே மணல் தூவியது போன்ற புள்ளிகளும் வரும். காற்று கசிந்திருந்தால் மேலிருந்து கீழ்வரை பார்கோடு மாதிரி நேர்கோடுகள் மட்டும்.

ஸ்லைடிங் இல்லை. உடனே ஐ.சி.டி. டியூப் (நெஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றும் குழாய்) போடலாமா?

பொறுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய இடம் ஒதுக்க நினைத்தேன், ஏனென்றால் இங்கே தவறினால் தேவையில்லாத ஒருவரின் நெஞ்சில் ஓட்டை விழும்.

ஸ்லைடிங் இருந்தால் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை, இதை நம்பலாம். ஸ்லைடிங் இல்லை என்றால் நியூமோதோராக்ஸ் இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல முடியாது. வென்டிலேட்டருக்காக வாய்வழி போட்ட ட்யூப் வலது மூச்சுக்குழாய்க்குள் ஆழமாகப் போயிருந்தால் இடது நுரையீரலுக்குக் காற்றே போகாது, அங்கே ஸ்லைடிங் இருக்காது. மூச்சே விடாத ஆளுக்கும் இருக்காது. பழைய டி.பி.யில் உறை ஒட்டிப்போனவருக்கு இருக்காது, நம் ஊரில் இது அபூர்வம் இல்லை. சி.ஓ.பி.டி.யில் பெரிய காற்றுப்பை உள்ளவருக்கும் சரியாகத் தெரியாது, அந்தப் பைக்குள் டியூப் போவது பெரிய ஆபத்து.

அதனால் அடுத்த படியையும் பாருங்கள். ஒரு பி-கோடாவது அந்த இடத்தில் தெரிகிறதா? தெரிந்தால் நுரையீரலின் உறையும் நெஞ்சுச் சுவரின் உறையும் அங்கே ஒட்டித்தான் இருக்கின்றன, நியூமோதோராக்ஸ் இல்லை. இதயத் துடிப்புக்கு ஏற்ப உறைக்கோடு லேசாக அதிர்கிறதா? அதற்கு லங் பல்ஸ் என்று பெயர், அதுவும் நியூமோதோராக்ஸை மறுத்துவிடும். இரண்டும் இல்லையென்றால் ப்ரோபைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஸ்லைடிங் ஒரு மூச்சில் வந்து மறு மூச்சில் மறையும் எல்லையைத் தேடுங்கள். அந்த லங் பாயின்ட் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். கிடைக்காமலும் போகலாம், நுரையீரல் முழுக்கச் சுருங்கிவிட்டால் தொடும் எல்லையே இருக்காது.

இது எல்லாம் பார்க்க நேரம் உள்ளவருக்கு. பி.பி. விழுந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு பக்க நெஞ்சு அசையாமல், ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருப்பவருக்கு மெஷினைத் தேடி ஓடாதீர்கள். அது டென்ஷன் நியூமோதோராக்ஸ், அடைபட்ட காற்று இதயத்தை நெருக்கும் நிலை, முதலில் காற்றை வெளியேற்றுங்கள். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசி போடச் சொல்கிறது விபத்து சிகிச்சைப் பயிற்சி நூலான ஏ.டி.எல்.எஸ். பத்தாம் பதிப்பு. மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால் ஐந்து நொடி பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நெஞ்சில் நீர் கோத்திருப்பது எவ்வளவு தெளிவாகத் தெரியும்?

மிகத் தெளிவாக. நிற்க வைத்து எடுக்கும் நேர் எக்ஸ்ரேயில் ஓரம் மழுங்கித் தெரிய ஏறக்குறைய 200 மி.லி. தேவை. ஸ்கேனில் அதைவிட மிகக் குறைவான நீரும் பிடிபடும். உதரவிதானத்துக்கு மேல் கறுப்பாக இடைவெளி, அதில் நுரையீரலின் நுனி மிதந்து ஆடுவது, சாதாரணமாகக் காற்று மறைத்துவிடும் முதுகெலும்பு உதரவிதானத்துக்கு மேலேயும் தொடர்ந்து தெரிவது, இவை அடையாளம். நீருக்குள் வலைபோல் நார் ஓடினால் சீழோ டி.பி.யோ என்று யோசியுங்கள், சின்ன ஊசியில் வராது. படுத்திருக்கும் வென்டிலேட்டர் நோயாளிக்கு அளவு தெரிய வேண்டுமென்றால், நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை மில்லிமீட்டரில் எடுத்து 20-ஆல் பெருக்கினால் தோராயமாக மி.லி. கிடைக்கும்.

டெங்கு காலத்தில் இது தனியாகச் சொல்ல வேண்டியது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது ஆரம்பிக்கும், அது முதலில் வலது நெஞ்சிலும் பித்தப்பைச் சுவர் தடிப்பிலும் வயிற்றிலும் தெரியும். தமிழ்நாட்டிலும் சரி, இலங்கையிலும் சரி, மழை முடிந்து வார்டு நிரம்பும் நாட்களில் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, ஸ்கேனில் கசிவு தெரிகிறதா என்பது ஷாக்குக்குப் போகப்போகிறவரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இலங்கையின் தேசிய டெங்கு வழிகாட்டி கசிவைத் தேட ஸ்கேனைச் சொல்கிறது.

ஊசி போட்டு நீர் எடுக்கும்போது ஸ்கேன் இல்லாமல் போகாதீர்கள். முன்பு தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடத்தில் குத்தினோம். பிரிட்டனின் நெஞ்சு மருத்துவ சங்கம் 2010-லேயே நீருக்கான எல்லா நெஞ்சு ஊசிக்கும் ஸ்கேனை வலியுறுத்திவிட்டது. ஸ்கேன் பார்த்துக் குறி போட்டுவிட்டு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் குறி செல்லாது, நீர் இடம் மாறியிருக்கும்.

நிமோனியா தெரியுமா?

உறையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் தெரியும், பெரும்பாலானவை தொட்டுவிடும். அந்தப் பகுதியில் காற்று போய் நீரும் சீழும் நிரம்புவதால் நுரையீரல் கல்லீரலைப் போலவே தெரியும். ஓரம் கிழிந்த துணி மாதிரி ஒழுங்கற்று இருக்கும். உள்ளே வெள்ளைப் புள்ளிகளாகக் காற்று இருந்து, மூச்சு இழுக்கும்போது அவை நகர்ந்தால் நிமோனியாவுக்கு நல்ல சாட்சி. நகராமல் நின்றால் மூச்சுக்குழாய் அடைத்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம். நடுவில், உறையைத் தொடாமல் இருக்கும் நிமோனியா ஸ்கேனில் தெரியாது, அதனால் ஸ்கேன் சுத்தம் என்பதற்காக ஆன்டிபயாடிக்கை நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு நெஞ்சு மெல்லியது, படம் அருமையாக வரும், அம்மா மடியிலேயே உட்கார வைத்துப் பார்க்கலாம்.

இதயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

எமர்ஜென்சியில் கேள்விகள் கொஞ்சம்தான். இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா? வலது கீழறை பெருத்திருக்கிறதா? கீழ்ப் பெருஞ்சிரை நிரம்பி அசையாமல் இருக்கிறதா? வால்வு அளவுகள் எல்லாம் எக்கோ அறைக்கு.

இதய உறைக்குள் நீரின் அளவைவிட அது எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். கத்திக்குத்தில் 200 மி.லி. போதும் ஆளைக் கொல்ல. டி.பி.யிலோ புற்றுநோயிலோ மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூடத் தாங்குகிறவர்கள் உண்டு. நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து பார்க்கும்போது, இதயம் விரிய வேண்டிய நேரத்தில் வலது கீழறை உள்ளே மடங்கினால், கூடவே பெருஞ்சிரை புடைத்திருந்தால், அது டாம்பொனேடு, அதாவது சுற்றியுள்ள நீர் இதயத்தை விரியவிடாமல் நெருக்குவது. நெஞ்சு நீரோடு குழம்பினால் இறங்கு மகாதமனியைப் பாருங்கள். அதற்கு முன்னால் போவது இதய உறை நீர், பின்னால் போவது நெஞ்சு நீர். முன்பக்கம் மட்டும் இருக்கும் சின்னக் கறுப்பு இடைவெளி வெறும் கொழுப்பாக இருக்கலாம்.

பல்மோனரி எம்பாலிசத்துக்கு: வலது கீழறை இடதின் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். சமமாகவோ பெரிதாகவோ ஆகி, நடுச்சுவர் இடது பக்கம் தட்டையாகத் தள்ளப்பட்டு, நுரையீரலில் ஏ-கோடுகளும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிரையை ப்ரோபால் அழுத்திப் பாருங்கள், அமுங்காத சிரையில் ரத்தக்கட்டு. பி.பி. விழுந்து சி.டி.க்குக் கொண்டுபோக முடியாதவருக்கு இந்த மூன்றையும் சேர்த்து முடிவெடுக்க முடியும். ஆனால் நெடுநாள் சி.ஓ.பி.டி.காரருக்கும் வலது பக்கம் பெருத்திருக்கும், அவருக்குச் சுவரும் தடித்திருக்கும். வலது பக்கம் சாதாரணமாக இருந்தால் எம்பாலிசம் இல்லை என்றும் சொல்லாதீர்கள், சின்ன ரத்தக்கட்டுகள் இதயத்தை மாற்றுவதில்லை.

ஹார்ட் அட்டாக் இதில் தெரியுமா?

நெஞ்சுவலிக்கு முதல் பத்து நிமிடத்தில் வேண்டியது ஈ.சி.ஜி. ஸ்கேனில் ஒரு சுவர் சுருங்காமல் இருப்பது தெரிந்தால் உதவும், தெரியாவிட்டால் எதையும் மறுக்காது.

சி.பி.ஆர். நடக்கும்போது ஸ்கேன் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கடுமையான ஒழுங்கோடு. டாம்பொனேடு, டென்ஷன் நியூமோதோராக்ஸ், பெரிய எம்பாலிசம் ஆகியவை திருத்தக்கூடிய காரணங்கள், தேடத்தான் வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 793 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஸ்கேனில் இதய அசைவு தெரிந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இன்னொரு பக்கம், 2017-இல் வந்த ஓர் ஆய்வில் நாடி பார்க்க அழுத்துவதை நிறுத்தும் இடைவேளைகளில் ஸ்கேன் செய்தவை சராசரி 21 நொடி, ஸ்கேன் செய்யாதவை 13 நொடி. பத்து நொடிக்குள் இருக்க வேண்டியது. ஆகவே நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ப்ரோபை நெஞ்சுக்குழியில் வைத்துத் தயாராகுங்கள், ஒருவர் சத்தமாக நொடி எண்ணட்டும், வீடியோவைப் பதிவு செய்துவிட்டு, அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு பாருங்கள். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் ஸ்கேனை விடுங்கள், அழுத்துவதை விடாதீர்கள்.

எந்த ப்ரோப்?

ஸ்லைடிங்குக்கு நேர் ப்ரோப், நீருக்கும் நிமோனியாவுக்கும் வயிற்றுக்குப் பயன்படும் வளைந்த ப்ரோப், இதயத்துக்குச் சின்ன முகமுள்ள ப்ரோப். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வளைந்ததை வைத்தே பெரும்பாலும் சமாளிக்கலாம். படத்தை அழகாக்கும் ஃபில்டர்களை நுரையீரல் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள், அவை பி-கோடுகளையும் சேர்த்து மழுப்பிவிடும். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே ப்ரோபையும் வயரையும் துடைப்பதை நர்ஸ் தலையில் கட்டாமல் ஸ்கேன் செய்தவரே செய்ய வேண்டும்.

எப்போது இது ஏமாற்றும்?

தோலுக்கடியில் காற்று ஏறி நறநறவென்று இருப்பவருக்கு எதுவும் தெரியாது. மிகப் பருமனானவருக்கு, நெஞ்சில் பெரிய கட்டுப் போட்டிருப்பவருக்குக் கடினம். இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது, என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் ப்ரோபை வைப்பது. "நெஞ்சை ஒரு பார்வை பார்ப்போம்" என்று தொடங்கினால் எதையாவது கண்டுபிடித்து அதன் பின்னால் ஓடுவோம். "இந்த ஆளின் பி.பி. விழுந்ததற்கு நெஞ்சில் காரணம் இருக்கிறதா, ஆமா இல்லையா" என்று தொடங்கினால் ஸ்கேன் பதில் சொல்லும். பதில் எதுவானாலும் அடுத்து என்ன செய்வேன் என்பதை ஜெல் தடவும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், ஜூனியர்களுக்கு நான் வைக்கும் ஒரே கட்டாய விதி இது.

அப்படியானால் சி.டி.யும் ரேடியாலஜிஸ்டும் தேவையில்லையா?

தேவை. மகாதமனி கிழிசல், உறையைத் தொடாத கட்டி, சின்ன எம்பாலிசம் எல்லாவற்றுக்கும் சி.டி.தான். நோயாளி அதுவரை உயிரோடு, சரியான சிகிச்சையோடு போய்ச் சேர்வதற்குத்தான் கட்டிலருகே ஸ்கேன்.

கர்ப்பிணிக்குச் செய்யலாமா?

செய்யலாம், இதில் கதிர்வீச்சு இல்லை. மூச்சுத்திணறலோடு வரும் கர்ப்பிணிக்கு நான் முதலில் எடுப்பதே ப்ரோபைத்தான்.

எத்தனை ஸ்கேன் செய்தால் கை பழகும்?

அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர் கல்லூரி ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 வரை, தெரிந்த ஒருவர் சரிபார்த்த ஸ்கேன்கள் என்று சொல்கிறது. சரிபார்த்த என்பதுதான் கனமான சொல். யாரும் பார்க்காமல் நூறு செய்தால் தவறும் நூறு முறை பழகிவிடும். நலமாக இருக்கும் நண்பர்கள் நெஞ்சில் தொடங்குங்கள், அப்புறம் சி.டி. எடுத்த நோயாளிகளை ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். நர்சுகளும் பாராமெடிக்குகளும் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

போனில் மாட்டும் பாக்கெட் மெஷின் வாங்கிக்கொள்ளலாமா?

பட்டர்ஃப்ளை, லூமிஃபை, வீஸ்கேன் எல்லாமே எமர்ஜென்சியின் ஆமா-இல்லை கேள்விகளுக்குப் போதுமான படம் தருகின்றன. ஆனால் இந்தியாவில் சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிய முடியாது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். கையடக்க மெஷினை அந்த வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்கு, அல்லது பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வண்டியில் மட்டும் பயன்படுத்தலாம் என்று 2012-இல் விதி சேர்த்தார்கள். அந்தச் சட்டம் வந்த காரணம் நியாயமானது, பெண் குழந்தைகள் கருவிலேயே அழிக்கப்பட்டார்கள். அதே சமயம் விபத்தில் அடிபட்டவர் நெஞ்சைப் பார்க்கும் கருவிக்கும் அதே பூட்டு விழுகிறது, ஆம்புலன்ஸில் இது பரவாததற்கு அது ஒரு காரணம். நெஞ்சுக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டிய மெஷின்களுக்குத் தனி வழி வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை உங்கள் மருத்துவமனை பதிவில் உங்கள் துறையின் மெஷினும், அதைப் பயன்படுத்துபவர் என்று உங்கள் பெயரும் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்கேன் பார்த்தார்கள், ரிப்போர்ட் எதுவும் தரவில்லையே?

இது ரேடியாலஜி ஸ்கேன் மாதிரி தனித்தாளில் வருவதில்லை, கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பார், எழுதியிருக்க வேண்டும். எங்கே பார்த்தார், என்ன தெரிந்தது, எது சரியாகத் தெரியவில்லை, எத்தனை மணிக்கு என்று நான்கு வரி போதும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வரட்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது, "ஸ்கேனில் என்ன பார்த்தீர்கள், அதை எழுதிக் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள், அங்கே எடுக்கப்போகும் டாக்டருக்கு அந்த நான்கு வரி ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.